ஒன்பதாம் கட்டிலின் பராமரிப்புத் திட்டம்

14.7, திங்கள்

சாரல். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. ரெக்கார்டு நோட்டின் ஓரம் நனைந்தது. இனி இந்த டைரியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்கு வெட்கமானதையும்.

முதல் வெட்கம் இதோ. பிளஸ் டூ நர்சிங் பிரிவில் எல்லோரும் போன வருஷத்து அக்கா ஒருத்தியின் ரெக்கார்டைப் பார்த்தே எழுதுகிறோம். என் பெஞ்ச் மாரி சொல்வாள்: "கட்டில் நம்பர மட்டும் மாத்துட்டி. சர்க்கரைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நான் பாதிதான் பார்த்து எழுதினேன். நாடி, பி.பி. நானே எடுத்தது. பராமரிப்புத் திட்டம் மட்டும் அக்காவுடையது, வரிக்கு வரி. டீச்சர் கையெழுத்துப் போட்டாச்சு. 'நன்று' வேறு!

15.7, செவ்வாய்

வெயில். கொண்டுபோனவை: வாட்ச், ஸ்கேல், புளியோதரை.

9ஆம் கட்டில் அம்மா (பெயர் எழுதக்கூடாது. ஊர் சுந்தரபாண்டியம்). சர்க்கரை. வலது பாதத்தில் புண், பெரிய கட்டு. "என்னயப் பத்தி என்னத்தட்டி எழுதிருக்க? வாசி, கேப்போம்."

பெருமையாக வாசித்தேன். "நோயாளி தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும்."

காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்தக் கால வச்சுக்கிட்டா? நீ வேணா மலையடி செண்பகத்தோப்பு வரைக்கும் நடந்துட்டு வா."

எட்டாம் கட்டிலிலும் சிரிப்பு. அக்காவின் நோயாளிக்குப் புண்ணே இல்லை. நேற்று இவர் கட்டைப் பிரித்தபோது மருந்துத் தட்டைப் பிடித்து நின்றவள் நான். எப்படி எழுதினேன்?

16.7, புதன்

டீச்சரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். மாரி: "லூசாட்டி நீ? வாங்குன கையெழுத்த யாராவது திருப்பிக் குடுப்பாளா? ஒன்னால டீச்சர் எல்லாரு நோட்டையும் கேப்பாவ."

நியாயம்தான். ஆனால் அந்த வரியை நம்பி யாராவது அவரை நடக்க வைத்தால்?

சொன்னேன், என்னைப் பற்றி மட்டும். டீச்சர் தன் கையெழுத்தைக் குறுக்கே அடித்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள புதுசா எழுது. இல்லேன்னா இன்டர்னல் மார்க் சைபர். எழுதினத முதல்ல பேஷண்டுக்கு வாசிச்சுக் காட்டணும். எல்லாரும்தான்."

எல்லாரும்! பஸ்ஸில் மாரி வேறு சீட்.

17.7, வியாழன்

காற்று. புண்ணுள்ள காலை எப்படிப் பார்க்கணும் என்று வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தேன், மூடிவைத்துவிட்டு என் வார்த்தையில் எழுதினேன். எது புத்தகம், எது சிஸ்டர் சொன்னது, அடியில் குறித்தேன்.

டீச்சர் பக்கத்தில் நிற்க, சத்தமாக வாசித்தேன். வலது காலை ஊன்றக்கூடாது. கழிவறைக்குச் சக்கர நாற்காலி. இடது பாதத்தையும் தினமும் பார்க்க வேண்டும். அது மரத்துப்போகிறது என்று அந்த அம்மாவே சொன்னார்.

"ம். இதுதான் என் காலு."

மருந்து வண்டியின் மேலேயே வைத்து டீச்சர் கையெழுத்து. 'நன்று' இல்லை. பரவாயில்லை.

ஆறாம் கட்டில் நோயாளி பக்கத்தில் மாரி. நோட்டு மூடியிருந்தது. "ஒங்களுக்கு எங்க வலிக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மணி ஒன்று. நோயாளிகள் தூங்குகிற நேரம் என்று சிஸ்டர் வார்டு விளக்குகளை அணைத்துவிட்டார்.