டிப்போவை ஒட்டிய வீடு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? போன் செய்தால் “மீட்டிங்ல இருக்கேன்” என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் நீ வைத்துவிட்டாலும் உன் மேசையிலேயேதான் கிடக்கும், அதனால் எழுதுகிறேன்.

தொழிலெல்லாம் படுத்துக் கிடந்த மாதங்களில் எங்கள் வீட்டை ஒட்டிய டிப்போவில் பாதி பஸ் ஓடவில்லை. உன் மாப்பிள்ளைக்கு வேலை போன காலம், நல்ல காலம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் என் குட்டிக்கு மூச்சிழுப்பு வரவே இல்லை. நெபுலைசர் பீரோ மேல் ஏறிவிட்டது. இப்போது வியாபாரம் எழுந்துவிட்டது, பஸ்ஸும் உறும ஆரம்பித்துவிட்டது. கொடியில் போட்ட அவள் யூனிஃபார்ம் காய்வதற்குள் கறுத்துப்போகிறது.

அரசு தரும் மீட்பு நிதியில் உங்கள் போக்குவரத்துக் கழகம் புது பஸ் வாங்கப்போவதாகப் பேப்பரில் பார்த்தேன். மின்சார பஸ்ஸாக வாங்கச் சொல், அண்ணா. தெருவே கையெழுத்துப் போட்ட மனு தனியாக வருகிறது. தலைமைப் பொறியாளர் நீ சொன்னால் கேட்க மாட்டார்களா? இப்போது டீசல் வாங்கினால் அது தேய்ந்து ஓய்வதற்குள் குட்டி கல்லூரிக்கே போய்விடுவாள்.

சின்ன வயதில் என் சைக்கிளைப் பிரித்துப் போட்டாயே, அதற்கு ஈடாக இதைச் செய்.

உன் அன்புத் தங்கை

பிப்ரவரி 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் மனுவை நானே கூட்டத்தில் வைத்தேன். முகவரியைப் பார்த்ததும் தலைவர் சிரித்தார். “சார், ஊருக்கு பஸ் வாங்கறோமா, உங்க தங்கச்சி வீட்டுக்கு வாங்கறோமா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நிதியை இந்த ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும். டீசல் வண்டி தயாராக நிற்கிறது. மின்சார வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், சார்ஜ் போட இடம் கட்ட வேண்டும். வெளியே வந்தால் மெக்கானிக்குகள் மறிக்கிறார்கள். “கரண்ட் வண்டி வந்தா எங்க கைக்கு வேலை ஏது சார்? இப்பதான் தலை நிமிந்திருக்கோம்.” மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்தவள். அவர்களிடம் நான் என்ன சொல்ல?

பாதியாவது மின்சாரம் என்று கேட்டுப் பார்க்கிறேன். குட்டிக்கு என் முத்தம்.

அண்ணா

மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

பாதி என்றாலே எனக்குப் போதும். மெக்கானிக்குகளுக்குப் புது வண்டியைப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கக் கூடாதா? அந்த நிதி அதற்கும்தானே? தலைவர் சிரித்தால் சிரிக்கட்டும், நீ கூடச் சிரிக்காதே.

போன வாரம் குட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, “மாமா பஸ்ஸை நிறுத்திடுவாருல்லம்மா?” என்று கேட்டாள். “நிறுத்த மாட்டாரு, மாத்திடுவாரு” என்றேன்.

சீக்கிரம் பதில் போடு.

தங்கை

ஏப்ரல் 17

தங்கச்சி,

எல்லாம் டீசல்தான். நேற்று முடிவானது. கொள்முதல் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். நான் மறுத்திருந்தாலும் வேறொருவர் போட்டிருப்பார், வண்டி வந்திருக்கும். புகையைக் குறைப்பது பற்றி அடுத்த திட்டத்தில் பேசலாம் என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் மாடி காலியாக இருக்கிறது. குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. அண்ணியும் அதையேதான் சொல்கிறாள். கோபமிருந்தால் வந்து திட்டு.

அண்ணா

ஜூன் 11

அண்ணா,

புது வண்டிகள் வந்துவிட்டன. பளபளவென்று நிற்கின்றன. புகை மட்டும் பழையது.

உன் மாடிக்கு வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு வீடு பார்த்துவிட்டோம். அங்கிருந்து உன் மாப்பிள்ளை வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். உங்கள் பஸ்தான்.

நேற்று இந்த வீட்டைப் பார்க்கக் கைக்குழந்தையோடு ஒரு ஜோடி வந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை, நான்தான் திறந்து காட்டினேன். ஆள் கிடைக்காவிட்டால் எங்கள் முன்பணம் திரும்பாது. அந்தப் பெண் ஜன்னலைத் திறந்து டிப்போவைப் பார்த்தாள்.

“புகை உள்ள வருமாக்கா?”

“பழகிடும்மா” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே குழந்தையை இடுப்பு மாற்றினாள். சாமான் எங்கே வைக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கையெழுத்துப் போடும்போது நீ என்ன நினைத்திருப்பாய் என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று தெரிந்துவிட்டது. ஒன்றும் நினைத்திருக்க மாட்டாய்.

புது முகவரி எழுதவில்லை.

தங்கை