எள்ளளவு அசைந்த உதடு

இன்று காலை டாக்டர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: டாக்டர், ஒரு நர்ஸ், என் மகன், மருமகள், நான். மருமகளின் வலது கண் மூடவில்லை என்று நர்ஸ் களிம்பு தடவி பிளாஸ்திரி ஒட்டினாள். அந்தப் பிளாஸ்திரி வாசனை வந்ததும் ஆறாவது ஆளாக, செத்துப்போன என் சிநேகிதி நீயும் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

காதுக்குள் இருந்த கட்டியை மூன்று மாதம் முன்பு எடுத்தபோது, முகத்தை அசைக்கிற நரம்பு அவளுக்குப் போய்விட்டது. நாக்கு நரம்பில் ஒரு பகுதியைப் பிரித்து அதோடு சேர்த்துத் தைக்க வேண்டுமாம். டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். தொண்ணூற்றொன்றில் உனக்கும் இதே கட்டி, இதே படம்தான். அன்று உன் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

"நாக்கு நரம்ப அறுத்து மூஞ்சிக்குக் குடுப்பாங்களாம். அப்போ உன்ன யாருடி திட்டுவா?" என்றாய். பாதி வாய்தான் சிரித்தது.

அப்போது இந்தப் பக்கம் இத்தனை கம்பெனி பஸ் ஏது? பென்னலூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய் மெட்ராஸ் பஸ் பிடிப்போம். உன் முந்தானை வாயை விட்டு இறங்காது. சர்ச்சில் முன்வரிசையில் நின்று பாடியவள், போவதையே நிறுத்தியிருந்தாய். "பாடறப்ப எச்சி வழியுது. யேசப்பா பாத்தா பரவால்ல, எதிர் வரிசைல என் நாத்தனார் கீறா" என்றாய். மறுபடி அங்கே நின்று பாட வேண்டும், அதற்காகத்தான் அந்த இரண்டாவது ஆபரேஷனுக்கே சம்மதித்தாய்.

தையல் பிரித்த பிறகு டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: கண்ணாடி முன் உட்கார்ந்து, நாக்கால் பல்லை முட்டித் தள்ள வேண்டும், காலையில் இருபது, மாலையில் இருபது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தும் கணக்கும் காலண்டரைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டவை. உனக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். நாள் தவறாமல் 'அசைவில்லை' என்று எழுதினேன். ஐந்து மாதம் அதே சொல்.

புரட்டாசிச் சனிக்கிழமை புளியோதரை கொண்டுவந்தேன். படைத்ததை நீ தொட மாட்டாய் என்று, பெருமாளுக்கு முன்பே உனக்குத் தனியாக எடுத்து வைத்தது. ஒரு வேர்க்கடலை உன் வலது கன்னத்துக்குள் சிக்கிக்கொண்டது. நாக்கால் நெம்பினாய். உதட்டோரம் மேலே போனது.

"அப்படியே இரு!"

"கடல சிக்கினு கீதுடி, வுடு."

"இன்னொரு தரம் தள்ளு, சொல்றேன்ல!"

மறுபடியும் போனது. நோட்டில் 'எள்ளளவு' என்று எழுதினேன்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். இருபதுக்கே இந்தப் பலன் என்றால் நூற்றெட்டுக்கு எவ்வளவு! துளசிமாலையை எடுத்து வந்து உன் எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாடி, பெருமாளுக்கு எண்றியா, எனக்கு எண்றியா?"

"ரெண்டு பேருக்கும்தான். தள்ளு."

நெல்லளவு, பிறகு புளியங்கொட்டை அளவு. பெருமையாக நோட்டை டாக்டரிடம் நீட்டினேன். அவர் உன்னைச் சிரிக்கச் சொன்னார். உதடு அசைந்ததும் வலது கண்ணும் சேர்ந்து இடுங்கியது.

"யாரும்மா நூத்தியெட்டு சொன்னது?"

"நான்தான் சார்."

"நரம்பு இப்பதான் வழி கத்துக்குது. இப்படி வெரட்டினா கண்ணும் வாயும் ஒண்ணா இழுக்கும். மெதுவா, கொஞ்சமா செய்யணும்."

நான் தலையைக் குனிந்தேன். நீதான் காப்பாற்றினாய். "சார், அவ கோயிலயே அப்படித்தான் சுத்துவா. நான் நூத்தியெட்டோட தப்பிச்சதே பெருசு."

மறுபடி இருபதுக்கு வந்தோம். அடுத்த ஈஸ்டருக்கு நீ முன்வரிசையில் நின்று பாடினாய். சில சொல் குழறியது, நீ நிறுத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு சர்ச்சின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து, "சிரிப்பு தானா வர்லடி. நாக்கத் தள்ளி நான்தான் கூட்டினு வரேன். ஆனா வருது" என்றாய்.

சாப்பிடும்போது உன் வலது கண் இடுங்குவது மட்டும் கடைசிவரை நிற்கவில்லை. என் நூற்றெட்டு இல்லாமலேயே அது வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வந்திருக்கலாம். நீ ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

மருமகள் ஒரகடத்தில் கார் கம்பெனி லைனில் வேலை பார்க்கிறவள். எதையும் நேராகக் கேட்பாள். "அத்தை, உங்க பிரெண்டு முன்ன மாதிரியே சிரிச்சாங்களா?" என்று இன்று திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். இல்லை என்றேன். நூற்றெட்டையும் மறைக்காமல் சொன்னேன். இந்தத் தடவை இருபதுக்கு மேல் ஒன்றுகூட எண்ண மாட்டேன் என்றும் சொன்னேன். உன்னோடு உட்கார்ந்து கற்ற பொறுமை என்னிடம் இருக்கிறது. இவள் முகமும் அசையும், எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு அவள் இன்னொன்று கேட்டாள். "இத பண்ணாமயே வுட்டிருக்கலாம்னு அவங்க என்னிக்காவது நெனச்சாங்களா?"

இல்லவே இல்லை என்று உன் சார்பில் சொல்லிவிட்டேன். ஆனால் நான் உன்னைக் கேட்டதே இல்லை. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்கத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். நான் சொன்னது சரிதானா? உன் யேசப்பா வழியாகவோ என் பெருமாள் வழியாகவோ, எப்படியாவது சீக்கிரம் பதில் சொல்.