எந்தக் கரையில் வருகிறாள்

புன்னைக்காயல்,
புதன்கிழமை.

டார்லின் அப்பாவுக்கு அஞ்சலின் அன்போடு எழுதுவது. கடலில் இருக்கும் உங்களை மாதா காத்து வரட்டும். என் காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் படகு இன்னும் கரை திரும்பவில்லை போல, போன் கிடைக்கவே இல்லை. கபிரியேல் அண்ணன் நாளைக்கு அங்கே பஹ்ரைனுக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நம் டார்லினைக் காணவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டில் தனியாக இருந்தவளை அதிகாரிகள் பாளையங்கோட்டையில் ஓர் இல்லத்தில் சேர்த்தது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள பிள்ளைகளை முக்கூடல் பக்கம் ஒரு கோயிலுக்கு, அசன விருந்து சாப்பிட வேனில் கூட்டிப் போயிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நீலக் கவுன். திரும்பும்போது இருட்டிவிட்டது. தலையை எண்ணினார்களாம், கணக்கு சரியாக இருந்ததாம்! அதில் ஒரு தலை அந்தக் கோயிலில் மணியடிப்பவரின் மகள் பெர்லின் என்பது விடிந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. வேனில் போகும் ஆசையில் நம் பிள்ளையோடு உடுப்பை மாற்றிக்கொண்டாளாம். அவளும் சின்னப்பிள்ளை, என்னத்தைச் சொல்ல.

அந்தப் பெர்லினிடம் நானே போய்க் கேட்டேன். நம் டார்லின், எங்கம்மைக்குச் சீக்கு, அசனச் சோறு தின்னா சொகமாயிரும், இந்த ஆத்தோடயே போனா எங்க ஊரு வந்துரும்னு எங்கப்பா சொல்லியிருக்காவ என்று சொல்லிவிட்டு, சோற்றுப் பொட்டலத்தோடு ஆற்றுப்பக்கம் இறங்கிப் போனாளாம்.

ஏன்தான் அதை அவளிடம் சொன்னீர்களோ என்று ஆத்திரமாக வருகிறது. அடுத்த நிமிஷமே, சொன்னதில் பொய் இல்லையே, அந்த ஆறு நம் ஊரில்தானே கடலில் விழுகிறது என்றும் தோன்றுகிறது. நான் மட்டும் என்ன? வீட்டைப் பூட்டிவிட்டு, உடம்பு தேறும்வரை ஆழ்வார்குறிச்சியில் என் அண்ணன் வீட்டில் இருந்ததை அவளுக்குச் சொல்லவில்லை. வீடும் போயிற்றோ என்று அழுவாளே என்று மறைத்தேன். விஷயம் தெரிந்ததும் அந்தப் பெர்லினைப் பார்த்துவிட்டு இங்கே ஓடிவந்து வீட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.

இல்லத்துக்காரர்கள் ஓடிப்போனாள் என்கிறார்கள். அம்மாவிடம் வருகிற பிள்ளை எப்படி ஓடிப்போனவள் ஆவாள்? போலீஸ் நீலக் கவுன் போட்ட படத்தை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் தேடுகிறது. இப்போது போட்டிருப்பது பெர்லினின் மஞ்சள் பாவாடை என்றேன், ஆற்றங்கரையில் பாருங்கள் என்றேன். சின்னப்பிள்ளை அம்புட்டுத் தூரம் நடக்காதும்மா என்கிறார்கள். சீவலப்பேரிப் பாலத்தில் பார்த்ததாக ஒருவர் சொல்லுகிறார், அந்தப் பக்கமே வரவில்லை என்கிறார் இன்னொருவர். யாரை நம்ப? எதிரே நடந்து போகலாம் என்று எழும்புகிறேன். நான் போன நேரம் பார்த்து அவள் வந்து, வீட்டில் ஆள் இல்லாவிட்டால்? அப்படியே போனாலும் ஆற்றுக்கு இரண்டு கரை இருக்கிறதே. எந்தக் கரையோடு வரவேண்டும் என்று அவளிடம் எப்போதாவது சொன்னீர்களா? நன்றாக யோசித்துப் பாருங்கள். கரைக்கு வந்ததும் முதல் வேலையாக போன் போடுங்கள்.

சோறு இதற்குள் ஊசிப்போயிருக்கும். பசித்தால் அவளே தின்றிருக்கட்டும். தின்னமாட்டாள், அவளை எனக்குத் தெரியாதா? அந்தப் பொட்டலத்தை அப்படியே கொண்டுவந்து என் கையில் தந்தால், ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவேன்.

அவளுக்காக ஜெபம் பண்ணுங்கள். இங்கே கதவைச் சாத்தவே இல்லை.

உங்கள்
அஞ்சலின்