சப்பாத்துப் போட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
11.06.2025

அன்பின் கிருசாந்தினிக்கு,

மாதாவின் தயவால் நானும் இவரும் சுகம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று செபத்தில் உங்கள் பெயர்களைச் சொல்லாத நாளில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வருகிறது. லீவுக்கு வந்த தங்கராசா அண்ணை வெள்ளிக்கிழமை பாரிசுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கிருசா, நான் நடப்பதில்லை. உயிர்த்த ஞாயிறு முடிந்த பிறகு முந்தநாள் வரை ஒரு நாள்கூட ஒழுங்காக நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடுகிற நேரத்துக்குச் சரியாக, நீ அனுப்பிய ரோசாப்பூ நிறச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, முகத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு படலையடியில் நிற்பேன். இப்போதுதான் நடந்துவிட்டு வருகிறாயா என்று நீ கேட்பாய். நான் மூச்சு வாங்குவேன். ஏழு ஞாயிறு இந்த நாடகம் நடந்திருக்கிறது. போன கிழமை என் முகம் மெலிந்துவிட்டது என்று சந்தோசப்பட்டாயே, அது போனை உயரத்தில் பிடித்ததால் வந்த மெலிவு. இவர் வலையைத் தைத்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறார்.

தொடக்கத்தில் நான் பொய் சொல்லவில்லை. ஆவணித் திருநாளுக்கு வருகிறேன், ரிக்கற் போட்டாயிற்று என்று நீ தை மாதம் சொன்ன அன்றே தொடங்கிவிட்டேன். பதினாறு வருசத்து நேர்த்திக்கடன் அல்லவா! சீனி வருத்தத்தோடும் எண்பத்திரண்டு கிலோவோடும் செட்டிகுளத்திலிருந்து மடு மாதா கோயில் வரை எப்படி நடப்பது என்று பயந்து, கோயில் பங்கிலிருந்து ஐந்து பேரைச் சேர்த்தேன். விடியப்புறம் கடற்கரை வீதியில் எங்களைப் பார்த்து நாய்கள்கூட ஒதுங்கி வழிவிட்டன. சுமித்திரா ரீச்சர் ஒரு கொப்பியில் எல்லோருடைய நிறையையும் எழுதினா. இரண்டாம் கிழமை தர்மிளாவுக்கு முழங்கால் நொந்தது. மூன்றாம் கிழமை மழை. மாசி முடியும்போது கொப்பியும் இல்லை, ரீச்சரும் இல்லை. நான் ஒருத்திதான் மிச்சம்.

பிறகு சாம்பல் புதன் வந்தது. இதைக் கேட்டால் நீ சிரிப்பாய். தவக்காலம் முழுக்க நான் ஒரு நாளும் பிசகவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. மத்தியானம் ஒரு கோப்பைச் சோறு, இரவில் குரக்கன் புட்டு, விடிய ஒரு மணித்தியாலம் நடை. ஐந்து கிலோ குறைந்தது. உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து வந்து இறால் பொரியலும் கோழியும் வட்டிலப்பமும் வைத்தேன். தட்டில் இரண்டாம் முறை சோறு போடும்போது எனக்கு ஒரு குற்ற உணர்வும் இல்லை. ஏதோ பெரிய கடனை அடைத்துவிட்டவள் போல இருந்தது. அடுத்த நாள் விடிய எழும்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வைகாசிக் கிளினிக்கில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, நல்லாகத்தானே வந்துகொண்டிருந்தீர்கள், என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டார். என் வாய் சும்மா இருந்ததா? தவக்காலம் முடிஞ்சுது டொக்டர் என்று சொன்னேன். அந்த டொக்டர்ப் பிள்ளை பேனையை வைத்துவிட்டுச் சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் காலைக் காட்டச் சொன்னது.

கால் கதையை உனக்கு மறைத்தேன். சித்திரைக் கடைசியில் கரையில் மட்டி ஓடு பெருவிரலில் வெட்டியது. சின்னக் கீறல். மூன்று கிழமை காயவில்லை. நடக்காமல் இருக்க எனக்கு அது நல்ல சாட்டாகவும் போயிற்று. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதை வந்து இவரிடம் சொன்னேன். சண்டையிலை செல்லடிக்குத் தப்பின கால் சீனிக்குப் போகப் போகுதோ என்று கேட்டார். அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை. வலையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். இப்போது புண் காய்ந்துவிட்டது, பயப்படாதே.

எனக்கு எங்கே பிழைக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பானையில் சோறு மிஞ்சினால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கோழிக்குப் போடு என்கிறார் இவர். கை போகுதில்லை கிருசா. அரைக் கோப்பைக் கஞ்சிக்காக நீயும் நானும் வரிசையில் நின்றது என் வயிற்றுக்கு இன்னும் மறக்கவில்லை. மிச்சத்தை நான்தான் சாப்பிட்டு முடிக்கிறேன். இதை டொக்டருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? உனக்கு விளங்கும்.

சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த அந்தச் செட்டிகுளம் முகாமை நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் ஆட்கள் எனக்குப் பைத்தியம் என்பார்கள். முகாமுக்காக இல்லை, பின்னேரங்களில் நாங்கள் நடந்த நடைக்காக. கூடாரத்துக்குள் வெக்கை தாங்காமல் வெளிக்கிட்டு, முள்ளுக்கம்பி ஓரமாக அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடப்போம். மத்தியானம் தின்ற சோயாமீற் நாக்கில் கசக்கும். நீ தொடங்குவாய், இண்டைக்கு என்ன சமையல் என்று. நான் கணவாயைக் கழுவுவேன். நீ தேங்காய் துருவுவாய். உள்ளி போதாது என்று நான் சொல்ல, நீ சண்டைக்கு வருவாய். ஒரு கறி அடுப்பால் இறங்க நான்கு சுற்றுப் போகும். சொதிக்கு இரண்டு. கடைசியில் இருவரும் கையைக் கழுவி எழும்புகிறபோது இருட்டியிருக்கும். எத்தனை கிலோமீற்றர் நடந்தோமோ தெரியாது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதானே, வெளியே விட்டால் இங்கேயிருந்து மடுவுக்கு நடந்தே போவோம் என்று நேர்ந்தோம். வெளியே விட்டார்கள். அடுத்த வருசமே நீ விமானம் ஏறிவிட்டாய். அதில் உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை.

நேற்றுப் பின்னேரம் சப்பாத்தைப் போட்டேன். செவ்வாய்க்கிழமை, நீ கூப்பிடுகிற நாளும் இல்லை. கோயில் தாண்டும் முன்னரே திரும்பி வரத்தான் மனம் சொன்னது. வீதியிலும் ஆளில்லை. இண்டைக்கு என்ன சமையல் என்று வாய்விட்டே கேட்டேன். பிறகு நானே சூடைமீன் தீயல் வைக்கத் தொடங்கினேன். கொறுக்காய்ப்புளியா பழப்புளியா என்று உன்னோடு வழக்குப் பேசிக்கொண்டு போனேன். எதிரே சைக்கிளில் வந்த தர்மிளா இறங்கி நின்று, காதில் போனும் இல்லாமல் ஆரோடை அக்கா கதைக்கிறியள் என்று கேட்டாள். அப்போதுதான் பார்க்கிறேன், தை மாதத்தில் ஆறு பேராக நடந்தபோதும் போகாத தூரம் போயிருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஒரு கோப்பைச் சோறுதான் சாப்பிட்டேன். பானையில் மிஞ்சியதைத் தண்ணி ஊற்றி வைத்தேன். விடியப் பழஞ்சோறாக இவர் கடலுக்குக் கொண்டுபோனார். இந்தச் சின்ன யோசனை வர எனக்கு நாற்பத்தேழு வயது தேவைப்பட்டிருக்கிறது.

ஒரு நாள் நடந்ததை வைத்து நான் பெரிய கதை விடவில்லை. நாளைக்கே விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டு மணிக்கு வேலை முடிந்து ரயிலுக்கு நடப்பதாகச் சொல்வாயே, அப்போது இங்கே ஐந்தரை. அந்த நேரத்தில் கூப்பிடு. முகம் வேண்டாம், குரல் போதும். நீ அங்கே நட, நான் இங்கே நடக்கிறேன். சமையலை நீ தொடங்கு. உன் மனம் போலவே உள்ளி போடு, நான் வாய் திறக்க மாட்டேன்.

ஆவணிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் நான் முழுத் தூரமும் நடக்கிற ஆளாகிவிடுவேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். மடு றோட்டைத் தாண்டினால் காட்டு வழி, வெயில், உனக்குத் தெரியும். நடுவில் எங்கேயாவது மரத்தடியில் உட்கார்ந்து, இனி ஏலாது என்று சொல்லத்தான் போகிறேன். சண்டையின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம் வீதியோரத்தில் அப்படித்தானே உட்கார்ந்தேன். எழும்ப மாட்டேன், என்னை விட்டுவிட்டுப் போ என்றேன். நீ என் கையை விடவில்லை. எங்கே போகிறோம் என்று உனக்கே தெரியாது. ஆனாலும், எழும்படி, இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கொண்டுவந்து சேர்த்தாய்.

ஏழு ஞாயிறு நான் உனக்குச் சொன்ன பொய்யை மன்னித்துக்கொள். ஆவணியில் நான் உட்கார்ந்தால், நீ அந்தப் பழைய பொய்யை இன்னொரு முறை சொல்லு கிருசா. நான் எழும்பிவிடுவேன்.

மடு மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னோடு நடக்கக் காத்திருக்கும்,
றெஜி