கோயிலுக்கு மேற்கே மூன்றாவது கூரை

சிவமயம்

உப்புவெளி, திருகோணமலை
1945 தை 22

கமலேஸ்வரியின் அப்பாவுக்கு,

எந்த நிலையில் இருந்தாலும் ஒரு நோய்நொடி உங்களை அண்டக் கூடாது என்று பத்திரகாளி அம்மனைக் கேட்டுக்கொண்டு அன்னலட்சுமி எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் சுகம்.

இந்தக் கடிதத்தைத் தபால் கந்தோரில் வாங்க மாட்டார்கள். நீங்கள் இருக்கிற அந்தமான் இப்போது யப்பான்காரனின் கையில், அங்கே தபால் கிடையாது என்று மூன்று வருடமாக ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். செஞ்சிலுவைக்காரர் மூலம் அனுப்பிய நாலு வரிக்கும் பதில் இல்லை. ஆனபடியால் எழுதி, உங்கள் சால்வைக்குள் மடித்து அலுமாரியில் வைக்கப் போகிறேன். வந்து ஆறுதலாக வாசியுங்கள். ஒரு வரிகூட எழுதவில்லையே என்று பிறகு என்னோடு சண்டைக்கு வரக் கூடாது.

கூப்பன் அரிசியில் பாதி கல். பிள்ளைக்கு முன்பல் விழுந்துவிட்டது, ஆனால் வாய் மட்டும் உங்கள் தாயாருடைய வாய். வீட்டுக் கிடுகுக் கூரை இந்த மழைக்குத் தாங்கிவிட்டது.

இனி முக்கியமான சங்கதி. தம்பி சோமசேகரத்துக்குச் சீனன்குடா விமானத் தளத்தில் வேலை. படம் கழுவுகிற இடத்தில் தண்ணீர் அள்ளி ஊற்றுவான், கழுவிய படங்களைக் காயப் போடுவான். அங்கே கண்டதை வெளியே கதைப்பதில்லை என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தவன். அவனுடைய வாய்க்குக் கையெழுத்து எந்த மூலைக்கு? குசினி வாசலில் குந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அங்கே ஒரு நீல விமானம் இருக்கிறதாம். துவக்கும் இல்லை, குண்டும் இல்லை, வயிற்றில் கமெராக்கள் மட்டும்தான். முப்பதாயிரம் அடிக்கு மேலே ஏறிவிடுமாம். அந்த உயரத்தில் அது ஓடுகிற ஓட்டத்துக்கு யாராலும் கலைத்துப் பிடிக்க ஏலாதாம். இதைக் கேட்டால் சிரிப்பீர்கள்: அது மரத்தால் செய்தது. பலகையோடு பலகை வைத்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நம்முடைய வெயிலுக்கும் ஈரத்துக்கும் பசை விட்டுவிடுமோ என்று வெள்ளைக்காரர் தட்டித் தட்டிப் பார்க்கிறார்களாம். ஆலைக்கு மரம் அளக்கிற கிளாக்கர் நீங்கள் இங்கே இருந்தால் ஒரு தட்டிலேயே சொல்லியிருப்பீர்கள்.

நான் முற்றம் கூட்டும்போது கிளம்பினால் அது மத்தியானச் சோற்றுக்கு முன்பு திரும்பிவிடுகிறது. எங்கே போகிறது என்று சோமு முதலில் சொல்லவில்லை. போன கிழமை வந்தவன், போட்ட சோற்றைத் தொடாமல் சிரித்துக்கொண்டு நின்றான். பிறகு பக்கத்தில் வந்து, "அத்தானிட இடமக்கா" என்றான். படத்தின் மூலையில் போர்ட் பிளேயர் என்று வெள்ளை எழுத்தில் இருந்ததாம்.

ஒரு கடுதாசி போக முடியாத இடத்துக்கு ஒரு மரத்துண்டு போய் மத்தியானத்துக்குள் திரும்பி வருகிறது. மெலிந்து போனாரா, தாடி விட்டிருக்கிறாரா என்று அவனைப் பிடித்து உலுக்கினேன்.

"ஆக்கள் தெரியாதக்கா. கூரைதான் தெரியும்" என்றான்.

எனக்குக் கூரையே போதும் என்றேன். சொன்னான். துறைமுகப் பாலம் ஒரு நெருப்புக்குச்சி அளவாம். தண்ணீர் ஓரமாக நீளக் கூரை ஒன்று. அதற்குக் கொஞ்சம் தள்ளிச் சுண்ணாம்பு அடித்த ஒரு சின்னச் சதுரம், வெள்ளை வெளேரென்று. நீங்களும் மர ஆலைத் தமிழரும் சேர்ந்து கட்டிய பிள்ளையார் கோயில்தானே அது! கடைசி லீவில் வந்தபோது இந்த முற்றத்தில் ஈர்க்கால் கீறிக் காட்டினீர்கள். கோயில், அதற்கு மேற்கே ஐயர் வீடு, பிறகு மடப்பள்ளி, மூன்றாவது நீங்கள் தங்குகிற நம்முடைய கூரை, அதற்கு அடுத்து ஆலை. நான் ஒன்றையும் மறக்கவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. பார்க்கிற விமானம் சும்மா பார்ப்பதற்காக வருவதில்லை. நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் இங்கே குண்டு விழுந்தபோதும், முதலில் ஏதோ ஒன்று மேலே வந்து பார்த்துவிட்டுப் போனதாகத்தான் கதைத்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளிவெட்டி வரைக்கும் நான் ஓடிய ஓட்டம் உங்களுக்குத் தெரியாது.

ஆகவே யோசித்து ஒரு வேலை செய்தேன். நம் ஆட்கள் யாருக்கு வழி சொன்னாலும் கோயிலைச் சொல்லித்தானே தொடங்குவோம்? அதேபோல அங்கே படங்களைப் பார்க்கிற வெள்ளைக்காரத் துரைக்கும் சொல்லிவிடு என்று சோமுவை நெருக்கினேன். இது கோயில், கும்பிடுகிற இடம். மேற்கே மூன்றாவது கூரையில் என்னுடைய அத்தான் இருக்கிறார். இந்தப் பக்கம் ஒன்றும் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லச் சொன்னேன். வேலை போய்விடும், மறியலில் போடுவார்கள் என்று பயந்தான். நான் விடவில்லை.

துரை நல்ல மனுஷனாம். ஏசவில்லை. கதிரையில் இருத்தி, பெரிய படத்தை மேசையில் விரித்து, கண்ணாடிவில்லை ஒன்றையும் கையில் கொடுத்தாராம். சோமு கோயிலைத் தொட்டுக் காட்டினான். நம் கூரையைக் காட்டினான். அடுத்த நீளக் கூரை என்ன என்று துரை கேட்டார். ஆலை என்றான். புகை வருகிற சின்னக் கொட்டில்? அதுதான் எஞ்சின், அது நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்றான். கரையில் அடுக்கியிருப்பது? கப்பலுக்கு அறுத்த பலகை. நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் சொன்ன கதைகள் அவனுக்கு அப்படியே பாடம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோயிலில் கை வைக்க மாட்டோம் என்று துரை வாக்குக் கொடுத்தார். கைகுலுக்கி, ஒரு தகரம் பிஸ்கோத்தும் தந்து அனுப்பினார்.

அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். பிள்ளை பிஸ்கோத்துத் தின்று வயிறு ஊதிப்போய்க் கிடக்கிறாள். நீல விமானம் மேலே போகும்போது, "அப்பாவைப் பாக்கப் போகுது" என்று கை காட்டுகிறாள். எனக்கும் மூன்று வருடத்துக்குப் பிறகு மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். பயப்படாமல் இருங்கள்.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
அன்னலட்சுமி


சிவமயம்

உப்புவெளி
1945 மாசி 28

கமலேஸ்வரியின் அப்பாவுக்கு,

அம்மன் உங்களைக் கைவிட்டிருக்க மாட்டாள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

போன கிழமை விடியற்காலையில் பெரிய விமானங்கள் கிளம்பின. சட்டி பானையெல்லாம் அதிர்ந்தது. எல்லாம் கிழக்கே போயின. கிழக்கே எத்தனையோ ஊர் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினேன். அடுத்த நாள் காலையில் நீல விமானம் மட்டும் தனியே போயிற்று. அடித்த இடத்தைப் பார்க்கத்தான் அது பின்னால் போகிறது என்று இப்போது எனக்கும் விளங்குகிறது.

சோமு வரவில்லை. சொல்லி அனுப்பினேன், அப்படியும் வரவில்லை. பக்கத்து வளவு மைமூனாவின் புருஷன் சீனன்குடாவுக்கு விறகு வண்டி ஓட்டுகிறவர். அவர்தான் நேற்றுப் பின்னேரம் அவனைக் கையோடு கூட்டி வந்தார். வந்தவன் வீட்டுக்குள் ஏறவில்லை. கிணற்றடியில் நின்று கையைக் கழுவினான், திரும்பவும் கழுவினான்.

"கோயில் இருக்குதக்கா. ஒரு கீறல் இல்லை" என்றான்.

மேற்கே என்ன தெரிகிறது என்று கேட்டேன். அவன் இன்னொரு வாளி தண்ணீர் அள்ளினான்.

"மேற்கே ஒண்டும் இல்லை."

அவன் அழுதான். நான்தானே கை வைத்துக் காட்டினனான் என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனை அனுப்பியது நான். நான் உங்களைக் காப்பாற்றத்தான் அனுப்பினேன். அந்தத் துரையும் ஏமாற்றவில்லை, கோயிலுக்குக் கொடுத்த வாக்கை அப்படியே காப்பாற்றியிருக்கிறார். யாரிடம் போய் நான் நியாயம் கேட்பது?

மைமூனா வந்து நெடுநேரம் என் பக்கத்தில் இருந்தாள். மரம் அளக்கிறவர் ஆலையில் குந்திக்கொண்டா இருப்பார், காட்டுக்குள்தான் போயிருப்பார் என்றாள். அது சரிதான். மாசக் கணக்கில் காட்டில் கிடந்து, அட்டைக்கடியோடு வருவதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்போது அதைக் கேட்டு உங்களோடு கோபித்தேன். இப்போது அந்தக் காட்டுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

படத்தில் ஆட்கள் தெரிய மாட்டார்கள் என்றுதானே சோமு சொன்னான். அப்படியானால் செத்த ஆட்களும் தெரிய மாட்டார்கள்தானே. நான் பொட்டில் கை வைக்கவில்லை. வைக்கச் சொல்ல ஒருவரும் துணியவும் இல்லை.

பிள்ளை இன்று காலையும் நீல விமானத்துக்குக் கை காட்டினாள். நான் தடுக்கவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காட்டிலிருந்து வந்ததும் கூரை உள்ள வேறு எந்த இடத்துக்கும் போகாதீர்கள். நேரே கோயிலுக்குள் போய் இருங்கள். அதை அடிக்க மாட்டார்கள், நான் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே நாள்தோறும் வேட்டியைத் துவைத்து, முற்றத்தில் முழு நீளத்துக்கும் விரித்துக் காயப் போடுங்கள். வானம் வெளித்திருக்கிற நாளில் அந்த விமானம் வரும். ஆள் தெரியாவிட்டாலும் வேட்டி தெரியும்.

சோமு பார்த்துச் சொல்வான். வேலையை விடப் போகிறேன் என்கிறான், விடாதே என்று காலைப் பிடித்திருக்கிறேன்.

உங்கள் வேட்டியை எதிர்பார்த்திருக்கும்,
அன்னலட்சுமி