வெள்ளிக்கிழமை வந்துவிடுவார்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். வைத்தியத்துக்கென்று மகள் வீட்டுக்குப் போனீர்களே, உங்கள் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம்தான். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் பேச, நான் உம் கொட்டித்தான் பழக்கம். நேற்று நீங்கள் உம் கொட்டினீர்கள். எனக்குப் பகீரென்றது. அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் எல்லாவற்றையும் சொன்னாள். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து, அவளுடைய அடுக்குமாடியின் லிஃப்டில் நின்றுகொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் எந்த மாடி என்று கேட்டு, மாடிக்கு மாடி குரல் கொடுத்தீர்களாமே! யாரோ புகார் சொல்ல, அறையிலேயே இருங்கப்பா என்று அவள் சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து நீங்கள் வெளியே வருவதில்லை, தட்டில் பாதியை அப்படியே வைத்துவிடுகிறீர்களாம். அவளைக் கோபிக்காதீர்கள். அவளும் என்னை மாதிரி, ஆளைப் பார்த்தால் ஒதுங்குகிறவள்.

இங்கே உங்களைத் தேடி வாசலுக்கு ஆள் வருவது நிற்கவில்லை. பேச்சை வளர்க்காமல் அனுப்பினால் போதுமென்று பால்காரர், சலூன்காரர், எதிர்வீட்டு வாத்தியார், எல்லாரிடமும் வெள்ளிக்கிழமை வந்துவிடுவார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தக் கூட்டமும் வந்து நின்றது! நாற்காலி போதாமல் உங்கள் டிரங்குப் பெட்டியையும் இழுத்துப் போட்டேன். சலூன்காரர் உங்களை மாதிரியே விசில் அடித்துக் காட்ட, வாத்தியார் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டார். நானும் நாலு வார்த்தை பேசினேன், நம்புங்கள். எல்லாரும் போனபின் மாத்திரை போட்டுப் படுத்தேன். கூட்டம் உங்களுக்குச் சாப்பாடு மாதிரி. எனக்குத் தலைவலி.

இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாம் அங்கேயே தங்கிவிடலாம் என்று நீங்கள் மகளிடம் சம்மதித்தது எனக்காகத்தான். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும் என்றீர்களாம். பிடிக்கும்தான். அதற்காக உங்களை வாயடைத்து உட்கார வைக்க எனக்கு மனசு வராது. கூடத்தில் நீங்கள் யாரோடாவது சளசளத்துக்கொண்டிருக்க, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதில்தான் எனக்குச் சுகம். நீங்கள் இல்லாத வீட்டில் அந்தக் கதவை எதற்குச் சாத்துவதென்றே தெரியவில்லை.

பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகளிடம் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஏமாந்து போனவர்களிடம், வருகிற வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்துவிடுவார் என்று மறுபடியும் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவையும் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி