கையெழுத்துகளின் மேல் நான் வைத்த பக்கம்

நேற்று கிள்ளானில் ஒரு கவுண்டரில் நின்றிருந்தேன். ஓய்வூதியத் தாள் ஒன்றின் போட்டோஸ்டேட்டுக்குச் சான்று வேண்டுமாம். "சாப் இல்லாம எடுக்க முடியாது லா, ஆன்டி" என்றாள் கவுண்டர் பெண். பிறகு அவளே உள்ளே போய் யாரிடமோ முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்தாள். ஊதா மை காயவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. செத்துப்போனவள்மேல் என்ன கோபம் என்பாய். இருக்கிறது, சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. பிரிக்பீல்ட்ஸ் சந்தில் உன் போட்டோஸ்டேட் கடை. வங்கி வேலை முடிந்ததும் நான் அங்கேதான் வந்து உட்காருவேன். மூலையில் இருந்த பழைய கணினியில் நீ ஒரு மடல் குழு நடத்திவந்தாய். ஒருவர் எழுதினால் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் மின்னஞ்சலில் போய்ச் சேரும். தமிழ் எழுத்துரு ஆளுக்கொன்றாக இருந்ததால் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்தோம். நம் ஆட்களில் எத்தனை பேரிடம் கணினி இருந்தது? அதனால் வருவதையெல்லாம் நீ அச்செடுத்து, மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் குத்தி வைத்தாய். ஐசி, அதாவது அடையாள அட்டை, போட்டோஸ்டேட் எடுக்க வந்தவர்கள் நின்று படித்தார்கள். சிலர் வீணான தாளின் பின்பக்கத்தில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடை சாத்துவதற்குள் நீ அதை அடித்து அனுப்பிவிடுவாய். இன்டர்நெட்டைக் கண்ணால் பார்க்காத மனிதர்கள் அதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாலாக் செலாத்தானிலிருந்து வரும், லாரி ஓட்டும் லோரி அண்ணன், உனக்குத் தலைக்கனம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார். ஒரு எழுத்து மாற்றாமல் அதையும் அடித்தாய்.

"பைத்தியமாடீ நீ? இதையுமா அனுப்புற?"

"அவரு எழுதுனது அது. நான் யாரு வெட்டறதுக்கு?"

எனக்கு அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு அந்தப் பேச்சு கிளம்பியது. இன்டர்நெட்டுக்கு விதிகள் வரப்போகின்றன, இந்த மாதிரிக் குழு நடத்துகிறவர்கள் பதிந்துகொள்ள வேண்டியிருக்கும் என்றார்கள். பொது அமைப்புகள் கருத்துச் சொல்லலாம் என்று கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் கூட்டம் ஏற்பாடானது. நீ ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினாய். கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: "பேசுவதற்கு யாரிடமும் உரிமம் வாங்கும் நிலை வரக்கூடாது, விதி எழுதும் மேசையில் எங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும்." காஜாங்குக்கும் சாலாக் செலாத்தானுக்கும் பஸ் ஏறிப் போய்க் கையெழுத்து வாங்கினாய். லோரி அண்ணன் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போட்டார் என்று பெருமையாகச் சொன்னாய்.

நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் முதலில் தலைவர் வேண்டும், செயலாளர் வேண்டும். அடுத்த வாரம் லெட்டர்ஹெட்டும் சாப்பும் வந்துவிடும். பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பது அதற்கப்புறம்தான். உன் குழுவில் இது எதுவும் கிடையாது. சாப் இல்லாத கடிதத்தை எவன் படிப்பான் என்று கேட்டது நான்தான். பதிவுபெற்ற சங்கம் ஒன்றின் பெயரில் போகட்டும், கிள்ளானில் என் அண்ணன்தானே செயலாளர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் நான்தான். உனக்குப் பிடிக்கவில்லை. "கடன் வாங்குன சாப்பு நமக்கு எதுக்குலா?" என்று முனகினாய். ஆனாலும் என்னை நம்பிக் கொடுத்தாய்.

அண்ணன் படித்தார். சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு அரசாங்கத்துப் பெரிய மனிதர் ஒருவரை அழைத்திருந்த நேரம் அது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடைசி வரிய மட்டும் எடுத்துரு. பதியறதுக்கு ஆட்சேபம் இல்லைன்னு போட்டுக்கலாம். ஒரு வரிதானே?"

அவரே அடித்துத் தந்தார், சாப்பும் குத்தினார். கையெழுத்துகள் தனித்தாள்களில் இருந்தன. பழைய பக்கத்தை உருவிவிட்டு, புதுப் பக்கத்தை மேலே வைத்து ஸ்டேப்பிள் அடித்தது என் கை. அப்படியே கொண்டுபோய்க் கூட்டம் நடத்துகிறவர்களிடம் கொடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கூட்டத்தில் யார் இதையெல்லாம் வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

வாசித்தார்கள். இந்தச் சங்கம், இத்தனை பொதுமக்களின் கையெழுத்தோடு, பதிவுக்கு ஆட்சேபம் இல்லை என்கிறது என்று மேடையில் இருந்தவர் மலாயில் நிதானமாகச் சொன்னார். நீ எழுந்து, அது நாங்கள் எழுதியதல்ல என்றாய். அவர் மரியாதையாகத்தான் கேட்டார், நீங்கள் எந்த அமைப்பு என்று. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தட்டிலிருந்த கறிபாப் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கேட்டாய்.

"உங்கண்ணனா?"

"ஆமா."

"நீ படிச்சியா, படிக்காம குடுத்தியா?"

"படிச்சேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஒரு வரியால் எந்தச் சட்டமும் மாறியிருக்காது என்று எனக்குத் தெரியும். அண்ணனும் வருடக்கணக்காக அதையே சொன்னார். ஆனால் உன் குழு மாறியது. எங்கள் கையெழுத்தை எதற்கடியில் வைத்தாய் என்று எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். "பொறுப்பு என்னுடையது" என்று ஒரே வரி எழுதி அனுப்பினாய். என் பெயர் இல்லை. அதற்குப் பிறகு யாரும் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த ஆணியில் கடை பில்களைக் குத்தி வைத்தாய்.

ஏன்டீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை? யார் எழுதியதையும் வெட்ட மாட்டேன் என்றவள், என் பெயரை மட்டும் ஏன் வெட்டினாய்? நட்பு என்று நினைத்தாயா? அது எனக்குப் போட்ட தண்டனை. நீ சொல்லியிருந்தால் ஊர் என்னைத் திட்டியிருக்கும், நானும் உன்னைத் திட்டியிருப்பேன், எல்லாம் அதோடு தீர்ந்திருக்கும். இதுதான் என் கோபம். நியாயமில்லாத கோபம் என்று எனக்கும் தெரியும்.

உன் வீட்டுக் காரியத்தன்று லோரி அண்ணன் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல மனுஷிமா. ஆனா எங்க கையெழுத்த வித்துட்டாங்க. அது ஒண்ணுதான் இன்னும் ஆறல."

உன் மகள் இரண்டடி தள்ளி, தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்துவிட்டது. கை நின்றது. அம்மாவின் சிநேகிதி ஏதாவது சொல்வாள் என்று என் முகத்தைப் பார்த்தாள்.

நான் "ம்" என்றேன்.

அவள் குனிந்து மறுபடியும் தட்டுகளை அடுக்கினாள். அந்த "ம்"-ஐத்தான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன்.